நாளைக்கு ஐ வில் டை

“டுமாரோ ஐ வில் டை. அம்மா வில் க்ரை. பட் ஐ டிசைடட். ஆல் வில் பி ரெட்.”

இளம் பெண்ணின் குரல். ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாக எடுத்து வைக்கும் குரல். கடைசி வார்த்தைக்குப் பிறகு தொண்டையில் எதையோ அடக்குவதுபோல் ஒரு சத்தம். அத்தோடு முடிந்தது.

ஜக்கம்மாள் செல்போனை மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைச் சேலையின் முந்தானை வேர்வையில் நனைந்திருந்தது. திருச்சுழியைத் தாண்டி, வீரசோழன் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் கள்ளியேந்தல் கிராமம். அரசு கட்டிக் கொடுத்த காலனி வீடு. தலைக்கு மேல் காங்கிரீட் பங்குனி வெயிலை அப்படியே உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது.

“என் மக பாண்டீஸ்வரி பேசுனது இது. அதே ராத்திரி கிணத்துல கிடந்திருக்கா. போலீசுல தற்கொலைன்னு முடிச்சுட்டாக,” என்றாள் ஜக்கம்மாள். “நீங்க கடைசிச் சத்தத்தைக் கேட்டீகளாம்மா?”

துர்காதேவி தலையசைத்தாள். விருதுநகரில் கல்யாண விசாரணை செய்து கொடுக்கும் ஆபீஸ் அவளுடையது. மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண் வீட்டார் சொல்லும் படிப்பு நிஜமா என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. சாவு அவளைத் தேடி வருவது அபூர்வம்.

“அழுகையை அடக்குற மாதிரி இருக்கு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. அது அழுகையில்லம்மா. சிரிப்பு. சின்னப் புள்ளையில ஒளிஞ்சு விளையாடுறப்ப வாயைப் பொத்திக்கிட்டு இப்படித்தான் சிரிப்பா. சாகப் போறவ சிரிப்பாளா?”

வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டு நின்ற வீரபாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். துர்காவின் டிரைவர், உதவியாளர், ஊரில் உள்ள வாய்க்கொழுப்புக்கெல்லாம் மொத்தக் குத்தகைதாரர். நாற்பது வயதைத் தொட்டும் குத்தகை முடிந்தபாடில்லை. 

“இந்த மெசேஜ் யாருக்கு வந்துச்சு?” என்று கேட்டாள் துர்கா.

“அவ இங்கிலீசு படிக்கப் போன வாத்தியாருக்கு. கோகுலுன்னு பேரு. பாளையம்பட்டியில கிளாசு நடத்துறாரு. அவருதான் போனை எடுத்துக்கிட்டு அழுதுக்கிட்டே ஸ்டேஷனுக்கு வந்தாரு. அங்கயே என் போனுக்கும் ஏத்திக் குடுத்தாரு. இந்த வீட்டுப் பக்கம் வந்ததில்லன்னாலும் நல்ல மனுசன். நீங்க வாரீகன்னு அவருகிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“உங்க மக போனு?”

“கிடைக்கவேயில்ல.”

ஜக்கம்மாள் எழுந்து மூலையில் இருந்த அகல் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்று பதினாறாம் நாள். சாயங்காலம் மகள் விழுந்த கிணற்றடியில் விளக்கு ஏற்ற வேண்டும் என்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அதுதான் துர்காவை என்னவோ செய்தது.

கிணறு ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு காலத்தில் மிளகாய் போட்ட நிலம். இப்போது சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் மண்டி, உள்ளே போன ஒற்றைத் தடத்தைத் தவிர எல்லாப் பக்கமும் முள். தடத்தில் கனமான டயர் பதிந்த பள்ளங்கள். தூரத்தில் கரிமூட்டத்திலிருந்து புகை மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. விறகைச் சுட்டுக் கரியாக்கும் அந்த ஆட்கள்தான் உடலை முதலில் பார்த்தவர்கள்.

துர்கா கிணற்றின் கல் விளிம்பில் குனிந்தாள். கீழே தண்ணீர் கிடந்தது. கருநீலமா, பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். மேலே எண்ணெய்போல் ஒரு பளபளப்பு. வாடை மூக்கில் ஏறி நெற்றியில் நின்றது. ஒரு காக்கை கிணற்றுச் சுவரில் வந்து உட்கார்ந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று.

“காக்காயே வேணாங்குது,” என்றான் வீரபாண்டி.

“வீரா, வர்ற வழியில கண்மாயைப் பாத்தியா?”

“பாத்தேன். அதுல கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தாங்க.”

“கண்மாயே காஞ்சு கிடக்கு. மழை பெஞ்சு எத்தனை மாசமாச்சு? இந்தக் கிணத்துக்கு மட்டும் எங்கேருந்து தண்ணி வந்துச்சு?”

வீரபாண்டி தடத்தில் இருந்த டயர்ப் பள்ளங்களைப் பார்த்தான். “லாரியில வந்திருக்கு. தாகத்துக்குக் கொண்டுவந்த மாதிரி தெரியல.”

“சரி, இதுக்குப் பதில் சொல்லு. அந்தப் பொண்ணு மெசேஜ் அனுப்புனது சாயங்காலம். செத்தது அதே ராத்திரி. ஆனா என்ன சொல்லியிருக்கா? டுமாரோ. நாளைக்கு. நாளைக்குச் சாகப் போறேன்னு நாள் குறிச்சவ இன்னைக்கே எதுக்குச் சாகணும்?”

“அவசரமோ என்னமோ.”

“கடைசியில ரெட்டுங்கிறா. எல்லாம் சிவப்பாயிரும். கையை அறுத்துக்கிறவ ரத்தத்தைப் பத்திப் பேசலாம். கிணத்துல குதிக்கிறவளுக்குச் சிவப்பு எதுக்கு?”

வீரபாண்டி தலையைச் சொறிந்தான்.

“அவ எங்க வேலை பாத்தான்னு ஜக்கம்மா சொன்னாக?” என்றாள் துர்கா.

“அருப்புக்கோட்டையில. ஏதோ சாயப்...” சொல்லிக்கொண்டே வந்தவன் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

“வண்டியை எடு.”

அருப்புக்கோட்டை ஊர் எல்லையில் இருந்த அந்தச் சாயப்பட்டறையின் முற்றத்தில் மூங்கில் கழிகளில் நூல் சிட்டங்கள் வரிசையாகத் தொங்கின. மஞ்சள், பச்சை, கரும்பச்சை. அடியில் சொட்டும் தண்ணீர் கால்வாயில் ஒன்றாகக் கலந்து எந்த நிறமும் இல்லாத ஒரு நிறமாக ஓடியது. அதே வாடை.

முதலாளி சங்கரபாண்டியன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தடித்த மனிதர். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி.

“போலீசே கேசை முடிச்சாச்சு. நீங்க யாரும்மா?”

“அந்தப் பொண்ணு அம்மா சார்பா வந்திருக்கேன். உங்க கழிவுத் தண்ணி கள்ளியேந்தல் கிணத்துல கிடக்கு. அதைப் பத்திப் பேசணுமா, பாண்டீஸ்வரியைப் பத்திப் பேசணுமான்னு நீங்களே சொல்லுங்க.”

சங்கரபாண்டியனின் முகம் ஒரு கணத்தில் வெளுத்தது. அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சத்தியமா எனக்கு அது தெரியாது. லாரிக்காரன் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டு போறேம்பான். ஆளு யாருன்னுகூட நான் பாத்ததில்ல. ஏஜெண்டு மூலமா வந்த லாரி. டிரைவர் வருவான், ஏத்துவான், போவான். அதுக்கு மேல கேட்டுக்கிட்டதில்ல.”

“கேட்டுக்கிட்டா தெரிஞ்சிருமில்ல,” என்றான் வீரபாண்டி.

அவர் அவனை முறைத்தார். 

“பாண்டீஸ்வரி கடைசி நாள் எப்படி இருந்தா?” என்று கேட்டாள் துர்கா.

“நல்லாத்தான் இருந்துச்சு. சந்தோசமாவே இருந்துச்சு. அதான் எனக்கே புரியல.” அவர் எழுந்து பட்டறைக்குள் நடந்தார். கொதிகலன்களுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அதில் பாலித்தீன் பை தொங்கியது. “அது கொண்டாந்து மாட்டுனது. எடுத்துக் குடுக்க மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல.”

துர்கா பையைத் திறந்தாள். மடித்து வைத்த வெள்ளைச் சேலை. துவைத்துத் துவைத்து நைந்த சேலை.

“எங்கம்மா, எங்கப்பா செத்ததுலேருந்து இந்த வெள்ளையத்தான் கட்டுது, கலர்ச் சேலை எடுத்துக் குடுத்தாலும் கட்ட மாட்டேங்குது, ஊர் பேசும்னு பயப்படுது, அதனால தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்லுச்சு. நாளைக்கு என்ன நிறம் ஓடுதுன்னு கேட்டுச்சு. சிவப்பு ஓடுதுன்னேன். அப்ப இதையும் சேத்து முக்கிக்கிறேன், அம்மா அழுகும், அழுதா அழுகட்டும்னு சொல்லிச் சிரிச்சுச்சு,” என்றார் சங்கரபாண்டியன்.

பட்டறையில் யாரோ வாளியை வைத்த சத்தம் கேட்டது. துர்கா சேலையைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

“வீரா. இங்கிலீஷ்ல சாகுறதுக்கு டை. துணிக்குச் சாயம் போடுறதுக்கும் டை. எழுத்துதான் வேற வேற. காதுக்கு ரெண்டும் ஒண்ணு.”

வீரபாண்டிக்குச் சற்று நேரம் பிடித்தது. “நாளைக்குச் சாயம் போடுவேன். அம்மா அழும். முடிவு பண்ணிட்டேன். எல்லாம் சிவப்பாயிரும்.” அவன் குரல் இறங்கியது. “அக்கா... அந்தம்மா சொன்னது நிசம். அந்தப் புள்ள சிரிச்சிருக்கு.”

துர்கா அப்போதே ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். எஸ்.ஐ. சின்னச்சாமி எடுத்தார். முழுவதும் கேட்டுவிட்டு நீண்ட மூச்சு விட்டார்.

“நான் தமிழ் மீடியம்மா. டைன்னா எனக்கு ஒரு அர்த்தந்தான் தெரியும். அதுவும் இங்கிலீஷ் வாத்தியாரே வந்து, சாகப் போறேன்னு சொல்லியிருக்கா சார்னு அழுதா, நான் என்ன செய்ய?”

“அவருக்கு அந்த இன்னொரு டை தோணலையாமா?”

“அவரைத்தான் கேக்கணும்.”

அவள் போனை வைத்தபோது வெளியே லாரி ஹாரன் கேட்டது. கழிவுத் தண்ணீர் ஏற்றும் டேங்கர் பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வீரபாண்டி வழிவிட்டு ஒதுங்கி நின்றவன், லாரியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இங்க வாங்க. ஒரு அதிசயம்.”

துருப்பிடித்த டேங்கர். நம்பர் பிளேட் பாதி அழிந்திருந்தது. ஒரு விளக்கு உடைந்து தொங்கியது. ஆனால் பின்னால் ‘ஏர் பிரேக்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட். அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பி, ஆர், ஈ, ஏ, கே. அதன் மேல் திருத்தி எழுதியிருந்தது பி, ஆர், ஏ, கே, ஈ.

“முன்னால இருந்தது உடைக்கிற பிரேக்கு. இப்ப இருக்குறது வண்டியை நிறுத்துற பிரேக்கு. இதுவும் ஒரே சத்தம்தான்,” என்றாள் துர்கா.

“நம்ம காருக்கு ரெண்டு எழுத்தும் பொருந்தும்க்கா.”

“இந்த ஜில்லாவுல ஓடுற லாரியில பாதி தப்பாத்தான் எழுதியிருக்கு. எவனும் திருத்துனதில்ல. சாக்கடைத் தண்ணி சுமக்குற வண்டிக்கு விளக்கு மாட்ட மனசில்லாத ஆளு, ஒரு எழுத்தைத் திருத்தப் பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கான். எப்பேர்ப்பட்ட ஆளுக்கு அது உறுத்தும்?”

வீரபாண்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

அவன் டிரைவரிடம் போனான். தீப்பெட்டி கேட்டான், வெயிலைத் திட்டினான், பெயிண்டை மெச்சினான். “யாருண்ணே திருத்துனது? பளிச்சுன்னு இருக்கு.”

“எங்க ஓனரு. தப்பா எழுதிட்டான்னு பெயிண்டரை அடிக்கவே போயிட்டாரு,” என்றான் டிரைவர்.

“ஓனரு வாத்தியாராண்ணே?”

டிரைவரின் கையிலிருந்த பீடி நின்றது. அவன் வீரபாண்டியையும், பின்னால் நின்ற துர்காவையும் பார்த்தான். லாரியில் ஏறி, தண்ணீர் ஏற்றாமலேயே வெளியே ஓட்டிக்கொண்டு போனான். கேட்டைத் தாண்டும் முன்னமே அவன் காதில் செல்போன் இருந்தது.

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் மாடியில் இருந்தது அந்தக் கிளாஸ். ‘கோகுல் ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்ற போர்டு. கதவில் பூட்டு. படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெடிக்கல் ஷாப் சீருடை. பெயர் ராமலட்சுமி, பாண்டீஸ்வரியோடு படித்தவள். ஷாப்பில் முன்னதாகவே சொல்லிவிட்டுக் கிளம்பியதால் கிளாஸ் இல்லாதது வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

துர்கா தன்னை அறிமுகம் செய்துகொண்டு கேட்டாள்: “பாண்டீஸ்வரி கடைசியா அனுப்புன மெசேஜை நீ கேட்டிருக்கியாம்மா?”

“இல்லக்கா. எங்களுக்கெல்லாம் சாரு சொன்னதுதான். அதை யாரும் கேக்க வேணாம், மனசு தாங்காதுன்னாரு.”

துர்கா காலையில் தன் போனில் ஏற்றிக்கொண்டு வந்த அதை ஓட விட்டாள். டுமாரோ ஐ வில் டை.

ராமலட்சுமி முதல் வரியிலேயே நிமிர்ந்தாள். இரண்டாவது வரியில் அவள் கை வாய்க்குப் போனது. முடிந்தபோது அவள் கண்கள் விரிந்திருந்தன.

“அக்கா, இது ஹோம்ஒர்க்குக்கா!”

“என்னது?”

“ஹோம்ஒர்க்கு. தினமும் சாரு ரெண்டு வார்த்தை குடுப்பாரு. சத்தம் ஒண்ணு, அர்த்தம் வேற. ட்வின்ஸுன்னு சொல்லுவாரு. கிளாஸ் விட்டதும் அதை வச்சுப் பேசி அவருக்கு அனுப்பணும். கேக்குற ஆளுக்கு எந்த வார்த்தைன்னே தெரியக் கூடாது, குழம்பணும். யாரு நல்லாக் குழப்புறாகளோ அவுகளுக்குத்தான் கைதட்டு. அன்னைக்குக் குடுத்தது டை. சாவும் சாயமும். சாயப்பட்டறைப் புள்ளைக்கு ஈசியான வார்த்தைன்னு சாரே சொல்லிச் சிரிச்சாரு.” அவள் அழ ஆரம்பித்தாள். “எல்லாரையும் விட இவ நல்லாக் குழப்பியிருக்கா.”



தவறாகப் புரிந்துகொண்டார் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அந்த வார்த்தையைக் கொடுத்தவனே அவன். எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனும் அவன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து அனுப்பிய வீட்டுப்பாடத்தை அவளுடைய மரண வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு போய்ப் போலீசில் கொடுத்திருக்கிறான்.

“ராமலட்சுமி, அவளுக்கும் சாருக்கும் ஏதாவது தகராறா?”

“தகராறெல்லாம் இல்ல. அவ சாரை சாமியா நினைச்சா. அவ ஊர்க் கிணத்துல லாரியில கொண்டாந்து சாயத் தண்ணி ஊத்துறதை போன்ல வீடியோ எடுத்திருந்தா. கலெக்டருக்கு இங்கிலீஷ்ல பெட்டிசன் போடணும்னு சாருகிட்டக் காட்டுனா. சாரு அன்னைக்கே எழுதித் தாரேன், கிளாஸ் முடிஞ்சு இரு, கிணத்தை நேர்ல பாத்துட்டு எழுதணும்னாரு. அப்புறம் கேட்டப்ப, அவ நிக்காம பஸ்ஸு ஏறிட்டான்னாரு.”

லாரியின் சொந்தக்காரனிடமே போய் லாரியைப் பற்றிப் புகார் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் பாண்டீஸ்வரி.

“இப்ப சாரு எங்க?” துர்காவின் குரல் மாறியிருந்தது.

“இன்னைக்குக் கிளாஸ் இல்லைன்னு கீழ் கடையில சொல்லிட்டுப் போயிருக்காரு. பாண்டீஸ்வரி அம்மாவை வண்டியில கூட்டிட்டுப் போயி, கிணத்துல விளக்குப் போடணுமாம்.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அதற்குள் துர்கா பாதிப் படிக்கட்டில் இறங்கியிருந்தாள்.

கார் அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் பறந்தது.  இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. சூரியன் பின்கண்ணாடியில் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சிரிப்புத்தான் என்று சாதிக்கும் ஒரே ஆள் ஜக்கம்மாள். மகள் போன கிணற்றிலேயே பதினாறாம் நாள் தாயும் விழுந்தால், துக்கம் தாங்காமல் விழுந்தாள் என்றுதான் ஊர் சொல்லும். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

சின்னச்சாமியிடம் நாலே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, துர்கா ஜக்கம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“சொல்லுங்கம்மா,” என்றது ஜக்கம்மாளின் குரல்.

“எங்க இருக்கீக?”

“கிணத்தடிக்கு வந்துட்டோம். ஊர் முக்குல நின்னேன், வாத்தியாரு வண்டியில ஏத்தியாந்தாரு. காத்து அடிக்குது, திரி நிக்க மாட்டேங்குது. விளிம்புல வச்சா நிக்கும்ங்கிறாரு...”

பின்னால் ஓர் ஆண் குரல் மென்மையாகக் கேட்டது. “யாரும்மா? ஸ்பீக்கர்ல போடுங்க.” சத்தம் மாறியது. காற்றின் இரைச்சல். “வணக்கம் மேடம். கோகுல் பேசுறேன். அம்மாவுக்கு மனசே சரியில்ல. எதையாவது பண்ணிக்கிருவாங்களோன்னு பயமா இருக்கு. அதான் கூடவே வந்தேன். என்ன விஷயம்?”

டிரைவர் சொல்லிவிட்டான். அந்தக் குரலின் நிதானத்திலேயே தெரிந்தது. அவன் இப்போதே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதையைச் சொல்லிப் பார்க்கிறான்.

துர்கா ஒரு கணம் கண்ணை மூடினாள். எச்சரித்தால் அடுத்த நிமிஷமே தள்ளிவிடுவான். இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் அவனுக்குத்தான் முதலில் புரியும்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள் சலிப்பான குரலில். “தாலுகா ஆபீஸ்ல நிக்கிறேன். நிவாரணத்துக்கு எழுதிக் குடுக்கலாம்னு. வீட்டு விவரம் கேக்குறாக. ஜக்கம்மா, உங்க வீட்டுக்கு மேல என்ன? ஓடுதானே?”

“ஓடா? இல்லையேம்மா, எங்க வீடு...”

“ஓடு ஜக்கம்மா,” என்று இடைமறித்தாள் துர்கா. “நான்தான் இன்னைக்கு உள்ள வந்து உக்காந்து பாத்தேனே. நல்லாக் கேட்டுக்கங்க. உங்களுக்கு ஓடு. அந்தக் கரிமூட்டம் போடுறவுக இருக்காகல்ல, அந்தப் பக்கம் பூராவும் ஓடு.”

எதிர்முனையில் காற்று மட்டும் கேட்டது.

வீரபாண்டி கண்ணாடியில் துர்காவைப் பார்த்தான். காங்கிரீட் தளத்துக்கு அடியில் அவர்கள் மூன்று பேரும் காலையில் வெந்துகொண்டிருந்தது அவனுக்கும் தெரியும், ஜக்கம்மாளுக்கும் தெரியும். அந்த வீட்டைக் கண்ணாலேயே பார்க்காத ஒரே ஆள் கோகுல்தான்.

“ஓட்டு வீடுன்னே போட்டுக்கங்க மேடம். இதுல என்ன இருக்கு?” என்றான் கோகுல். குரலில் லேசான சிரிப்பு.

“ஆமா,” என்றாள் ஜக்கம்மாள், மிக மெதுவாக. “ஓடுதான்.”

போன் கீழே விழுந்த சத்தம். அகல் விளக்கு உடைந்த சத்தம். “ஏம்மா! நில்லுங்க!” என்ற கத்தல். முள் கிழியும் ஓசை தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு காற்று. காற்று மட்டும்.

திருச்சுழியைக் கடந்து, வீரசோழன் ரோட்டிலிருந்து பிரியும் தடத்தில் கார் குலுங்கிக்கொண்டு நுழையும்வரை துர்கா அந்தக் காற்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிணற்றடியில் யாரும் இல்லை. கோகுலின் பைக் மட்டும் நின்றது. துர்கா விளிம்பில் போய்க் கீழே பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்போதுதான் அவளால் சரியாக மூச்சுவிட முடிந்தது.

கரிமூட்டத்துப் பக்கம் போலீஸ் ஜீப் நின்றிருந்தது. கரி அப்பிய உடம்போடு ஆணும் பெண்ணுமாக ஐந்தாறு பேர் வெட்டரிவாளுடன் வட்டமாக நின்றார்கள். வட்டத்துக்குள் கோகுல். சட்டை முள்ளில் கிழிந்து, கன்னத்தில் கீறலோடு. முப்பது வயதுக்குச் சற்று மேல், வெளுத்த, படித்த முகம். எட்டத்தில் மண்ணில் ஜக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையிலும் காலிலும் ரத்தக் கோடுகள். ஒரு பெண் அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொன்னது புரிஞ்சுச்சும்மா,” என்றாள் ஜக்கம்மாள் துர்காவைப் பார்த்து. “விளிம்புக்கு வாங்க வாங்கன்னு தோளைப் பிடிச்சிருந்தாரு. அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு.”

கோகுல் சின்னச்சாமியிடம் பேசிக்கொண்டிருந்தான். நிதானமாக, கிளாசில் பேசுவதுபோல்.

“சார், அவங்க மகள் போன துக்கத்துல இருக்காங்க. திடீர்னு ஓடுனாங்க. விழுந்துரக் கூடாதேன்னு நான் பின்னால ஓடுனேன். இது குத்தமா?”

“ஹோம்ஒர்க்கு?” என்றாள் துர்கா.

அவன் திரும்பினான். “ஆமா மேடம், டை குடுத்தேன். நூறு வார்த்தை குடுக்குறேன். அந்த நேரத்துல அதிர்ச்சியில மறந்துட்டேன். வாத்தியாருன்னா தப்பே பண்ணக் கூடாதா?”

“லாரி?”

“லாரி வச்சிருக்கேன். டிரைவர் எங்க கொட்டுறான்னு எனக்கு எப்படித் தெரியும்? சார், நான் இந்தக் கிணத்துப் பக்கம் வர்றதே இன்னைக்குத்தான். அன்னைக்குக் கிளாஸ் முடிஞ்சதும் அவ பஸ்ஸு ஏறுனா, நான் வீட்டுக்குப் போனேன். அதுக்கப்புறம் நான் அவளைப் பாக்கவேயில்ல. அவ்வளவுதான்.”

சின்னச்சாமி துர்காவைப் பார்த்தார். அவன் சொல்வது ஒவ்வொன்றும் தனியாக நிற்கக்கூடியதாக இருந்தது. வக்கீல் வந்தால் இன்னும் நன்றாக நிற்கும்.

ஜக்கம்மாள் எழுந்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். அரிவாள்காரர்கள் வழிவிட்டார்கள். அவள் கோகுலுக்கு முன்னால் போய் நின்றாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

“தம்பி, நான் படிக்காதவ. அந்தப் போன்ல அவ பேசுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல. அது போகட்டும். கடைசியா என்ன சொன்னா என் பிள்ள? அதையும் இங்கிலீசுலதான் சொன்னாளா?”

அந்தக் கேள்விக்கு அவன் தயாராக இருக்கவில்லை. போலீஸ் கேட்கும் கேள்விக்கும் துர்கா கேட்கும் கேள்விக்கும் பதில் வைத்திருந்தான். இதற்கு வைத்திருக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவனின் உதடு தானாக அசைந்தது.

“இல்லம்மா,” என்றான். “தமிழ்லதான். உங்களைத்தான் கூப்பிட்டா.”

சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.  சின்னச்சாமி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோகுலின் கையைப் பிடித்தார்.

ஜக்கம்மாள் அங்கேயே உட்கார்ந்தாள். பதினாறு நாட்களில் முதல் முறையாக, வாய்விட்டு அழுதாள்.